நீல பெயிண்டுக்கு அடியில் ஓர் ஒட்டு

அத்தியாயம் 11

"கையெழுத்து மட்டும் போட்டுடாதம்மா. வேற இன்னா வேணா பண்ணு."

புதுச்சத்திரம் தாண்டி பஸ் வேகம் பிடித்தபோது தமிழினி இதை நான்காவது முறையாகச் சொன்னாள்.

"நான் இன்னா பச்சப்புள்ளயா? ஆர்பர்ல முப்பது வருஷமா மீன் ஏலம் போடுறேன். எங்கிட்ட காயிதத்த நீட்டி எவன் ஏமாத்திடுவான்?" என்றாள் தனக்கோடி.

"ஏமாத்த மாட்டாங்க. காபி குடுத்து, சிரிச்சிக்கிட்டே நீட்டுவாங்க. நீயும் மரியாதைக்குப் போட்டுடுவ. அதான் எனக்கு பயம்."

தனக்கோடி மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் இரண்டு பக்கம் டைப் அடித்த ஒப்பந்தமும் பதினான்கு போட்டோக்களும் இருந்தன.

புதன்கிழமை வந்த போனிலிருந்தே வீடு சரியாக இல்லை. பேசியவன் இளவரசு. சிதம்பரத்தில் பாலிடெக்னிக் வாத்தியார். அடுத்த மாதம் தமிழினிக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம். "தமிழ், உங்க பலகைக்கு ஒரு சின்ன விஷயம் ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தவன், அது என்ன என்று சொல்ல வாய் வராமல், "நேர்லயே வந்து பாத்துடுங்களேன்" என்று வைத்துவிட்டான்.

பலகை மூன்று மாதமாக அவன் அப்பாவிடம் இருந்தது. நடனசபாபதி நிலபுலன் உள்ள குடும்பத்துக்காரர். காட்டுமன்னார்கோயில் சாலையில் ஓடாமல் கிடந்த சொந்த அரிசி மில்லைச் சுத்தம் செய்து, அண்ணனோடு சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்து, 'கரைநாடு அருங்காட்சியகம்' என்று போர்டு மாட்டியிருந்தார். பெண் பார்க்க தேவனாம்பட்டினம் வந்த அன்று, வீட்டுப் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நின்ற அலைச்சறுக்குப் பலகையைப் பார்த்து அசந்துபோனார். "கடல் பிரிவு ஆரம்பிக்கிறோம். மூணு மாசம் குடுங்க சம்மந்தியம்மா. கண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்று வாங்கிப் போனார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கும் தமிழினி அன்றைக்கே ஒப்பந்தம் எழுதினாள். "கட்டிக்கப் போற வூட்டுக்கு அக்ரிமென்ட்டா?" என்று அப்பா சுப்பராயலு தலையில் அடித்துக்கொண்டார்.

இன்று காலையும் அதே பாட்டுதான். "பலகதானே தனம். போனா போவுது. இத வச்சி கல்யாணம் நின்னுடுச்சின்னா?"

"நின்னா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு தனக்கோடி செருப்பை மாட்டினாள்.

போனால் போகட்டும் என்று விட முடிகிற பலகையா அது?

தனக்கோடிக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, பாண்டிச்சேரிப் பக்கமிருந்து ஓர் ஆஸ்திரேலியாக்காரன் அதைத் தலையில் சுமந்து வந்தான். மஞ்சள் காமாலையில் விழுந்து இரண்டு மாதம் அவள் வீட்டிலேயே கிடந்தான். தேறிப் போகும்போது, கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் பலகையை விட்டுவிட்டுப் போனான். ஆண் பிள்ளைகள் அதை ஏணியாகவும் பெஞ்சாகவும் பயன்படுத்திப் பார்த்தபோது, தனக்கோடி மட்டும் கடலில் இறக்கினாள். மூன்று வருஷம் ஓட்டினாள். பெரியவளானதும் ஊர் நிறுத்திவிட்டது.

2004 டிசம்பரில் தண்ணீர் தெருவுக்குள் வந்த காலையில் அவள் கைக்கு எட்டியது அந்தப் பலகைதான். ஏழு வயது தமிழினியை அதன்மேல் குப்புறப் போட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு போனாள். வழியில் ஒரு மின்கம்பத்தில் மோதிப் பலகையின் மூக்கு உடைந்தது. மகள் பிழைத்தாள். பிறகு சுப்பராயலு, மீன்பிடி போட்டுக்கு ஒட்டுப்போடும் ஃபைபரையும் ரெசினையும் வைத்து, உடைந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டுப் போட்டார். ஆரஞ்சு நிறப் பலகையில் பழுப்பு நிற ஒட்டு. கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஆனால் இருபது வருஷமாக ஒரு பொட்டுகூடப் பெயரவில்லை.

பலகையைச் சுவரில் சாய்த்து வைத்ததோடு சரி. அதன்பின் தனக்கோடி முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதே இல்லை.

* * *

தமிழினி சொன்னது போலவேதான் நடந்தது. அருங்காட்சியக அலுவலக அறையில் முதலில் வடை வந்தது. அப்புறம் காபி. அப்புறம் ரெஜிஸ்டர்.

"ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்" என்று நடனசபாபதி பேனாவின் மூடியைக் கழற்றி, தானே தனக்கோடியின் கையில் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, முகம் நிறையச் சிரிப்பு. "இந்த வரிக்கு நேரா போடுங்க சம்மந்தியம்மா."

தமிழினி எட்டிப் பார்த்தாள். 'மேற்படி பொருளை நல்ல நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.'

தனக்கோடி பேனாவை மேஜைமேல் வைத்தாள். "மொதல்ல பலகையப் பாத்துடறேண்ணே."

"பாக்கத்தானே போறீங்க. சின்னதா ஒரு மெருகு குடுத்திருக்கோம். வேற ஒண்ணுமில்ல."

வாசலில் நின்ற இளவரசு தரையைப் பார்த்தான்.

நெல் கொட்டி வைத்த பழைய கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் பலகை தொங்கியது. தமிழினிக்கு முதலில் அது வேறு ஏதோ பலகை என்றுதான் தோன்றியது.

நீலம். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கதவுக்கு அடிக்கிற பளபளப்பான நீலம். நுனி முதல் வால் வரை ஒரே நீலம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கட்டைவிரல் பருமனில் இரண்டு போல்ட்டுகள் பலகையைத் துளைத்துச் சுவருக்குள் போயிருந்தன. பக்கத்தில் ஓர் அட்டை: 'பண்டைய மீனவர் மிதவை. காலம் தெரியவில்லை. தற்போது பயன்பாட்டில் இல்லை.'

தமிழினி அம்மாவைப் பார்த்தாள்.

தனக்கோடி பலகையின் மூக்கில் கைவைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஒட்டு இருந்த இடம். பெயிண்ட் வழவழவென்று இருந்தது. அடியில் ஒட்டு இருக்கிறதா, தேய்த்து எடுத்துவிட்டார்களா என்று விரலுக்குத் தெரியவில்லை.

"காலம் தெரியலன்னு எழுதியிருக்கீங்களேண்ணே" என்றாள் மெதுவாக. "ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

நடனசபாபதியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "ரொம்பப் பழசா, கறை கறையா இருந்துது. திறப்பு விழாவுக்குப் பெரிய மனுஷங்க எல்லாம் வந்தாங்க. பாக்க நல்லா இருக்கணும் இல்லையா?"

தமிழினி பையிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பலகையின்மேல் வைத்து, போனில் படமெடுக்க ஆரம்பித்தாள். போல்ட்டுகள், பெயிண்ட் வழிந்த ஓரங்கள், அட்டை, சுவர் என்று ஒன்று விடாமல் எடுத்தாள். கடைசியாக, அந்தக் கையெழுத்துப் போடாத ரெஜிஸ்டர் பக்கத்தையும் எடுத்தாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் நடனசபாபதி.

"எடத்தவிட்டு நகத்துறதுக்கு முன்னாடி எடுத்துடணும் மாமா. அப்புறம் வழியில ஆச்சு, வண்டியில ஆச்சுன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க." பிளாஸ்டிக் உறையைத் திறந்தாள். "ஏழாவது பாயின்ட். ஓனர் எழுதிக் குடுக்காம துளை போடக்கூடாது, பெயிண்ட் அடிக்கக்கூடாது, ரிப்பேர் பண்ணக்கூடாது. கீழ உங்க கையெழுத்து."

"அது எல்லாம் ஒரு பார்மாலிட்டிக்குப் போட்டதும்மா."

"நான் பார்மாலிட்டிக்கு எழுதல மாமா."

அவர் குனிந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

"கல்யாணம் பண்ணிக்கப் போற வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பப் போறியா தமிழினி?" என்றார் நடனசபாபதி. குரலில் கோபத்தைவிட அடிபட்ட தொனிதான் அதிகம்.

"அனுப்பக் கூடாதுன்னுதான் மாமா பஸ் ஏறி வந்திருக்கோம்." அவள் மூன்று விரலை நீட்டினாள். "எனக்கு மூணு விஷயம் வேணும். ஒண்ணு, யாரு சொல்லி, எந்தப் பெயிண்ட்ட, எப்ப அடிச்சீங்கன்னு எழுத்துல வேணும். அது தெரியாம ரிப்பேர் பண்றவரு கைய வைக்க முடியாது. ரெண்டு, நாங்க சொல்ற ஆளுதான் ரிப்பேர் பண்ணணும், பொறுப்பு மியூசியத்தோடது. மூணு, அதுவரைக்கும் வேற யாரும் பலகையத் தொடக்கூடாது. இது முடியாதுன்னா நோட்டீஸ், அதுக்கப்புறம் சிவில் கோர்ட். கேஸ என் சீனியர் நடத்துவாரு. நான் சாட்சி சொல்ல வருவேன்."

நடனசபாபதி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அறைக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து டிரஸ்ட் லெட்டர்பேடில் எழுதிய கடிதத்தோடு வந்தார்.

தமிழினி வாங்கிப் படித்தாள். அவள் முகம் தெளிந்தது. பெயிண்ட் அடித்தது, துளை போட்டது, ரிப்பேருக்கு ஒப்புக்கொண்டது எல்லாம் அதில் இருந்தது. இது போதும். எந்தக் கோர்ட்டிலும் இது நிற்கும்.

"சரியா இருக்கும்மா" என்றாள்.

"சத்தமா படி."

"'... மேற்கண்ட சேதம், எங்கள் தச்சுப் பணியாளர் சின்னையன் என்பவர் நிர்வாகத்தின் அனுமதியின்றிச் செய்த கவனக்குறைவான செயலால் ஏற்பட்டதாகும். அவரை இன்று முதல் பணியிலிருந்து நீக்கியுள்ளோம்...'"

"யாரு அது சின்னையன்?"

யாரும் பதில் சொல்வதற்குள், கூடத்தின் மூலையில் அலமாரிக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்த மனிதர் எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். காதில் பென்சில். கடிதம் படிக்கப்பட்டதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

தனக்கோடி அவரிடம் போனாள். "நீங்களா பெயிண்ட் அடிச்சது?"

"ஆமாங்கம்மா."

"ஒங்க இஷ்டத்துக்கா அடிச்சீங்க?"

சின்னையன் நடனசபாபதியைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார்.

"அம்மா, நமக்கு வேண்டியது வந்துடுச்சு. இது அவுங்க உள் விஷயம்" என்று தமிழினி காதோடு சொன்னாள்.

தனக்கோடி திரும்பி மகளை முறைத்தாள்.

"எனக்குப் பலக வேணும்னுதான் வந்தேன். ஒரு ஆளோட சோத்தக் கேட்டு வரல" என்றாள் தனக்கோடி, ஏலக்கூடத்துக் குரலில். மில்லின் தகரக் கூரை வரை அது போய்த் திரும்பியது. "இந்தக் காயிதம் எனக்கு வேணாண்ணே."

அப்போதுதான் வாசலில் நின்ற இளவரசு உள்ளே வந்தான்.

"அப்பா."

"நீ இதுல தலையிடாத."

"நீங்க அன்னிக்குச் சின்னையன்கிட்டப் போன் பேசும்போது நான் கார் ஓட்டிக்கிட்டு இருந்தேன்பா. திறப்பு விழாவுக்கு முந்தின நாள். 'பழைய சாமான் கடை மாதிரி இருக்குடா, பளபளன்னு நீலம் அடிச்சி, நல்லா டைட்டா போல்ட் போட்டு மாட்டு'ன்னு சொன்னீங்க. அவரு, 'ஓனரக் கேக்க வேணாமா ஐயா'ன்னு கேட்டாரு. ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுது. 'அவுங்க நம்ம சம்மந்திதான், சொல்லிக்கலாம்'னு சொன்னீங்க."

அவன் காதுகள் சிவந்திருந்தன. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவனைத் தமிழினி பார்த்ததில்லை. அவனே பார்த்திருக்க மாட்டான்.

நடனசபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணம் இத்தோடு சரி என்று தமிழினிக்குப் பட்டது. அப்பா காலையில் பயந்தது இதற்குத்தான்.

"மூணு நாளா இவன் எங்கூட சரியா சாப்பிடல" என்றார் நடனசபாபதி, ஜன்னலைப் பார்த்தபடியே. "பரீட்சை பேப்பர் திருத்துற அலுப்புன்னு நெனச்சேன்." திரும்பி வந்தார். தமிழினியின் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சின்னையா."

"ஐயா."

"தப்புப் பண்ணிட்டேன்."

சின்னையன் "பரவால்லீங்க ஐயா" என்று காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

இரண்டாவது கடிதத்தை நடனசபாபதி எல்லோர் முன்னாலும் நின்றபடியே எழுதினார். 'என் உத்தரவின் பேரில்' என்று தொடங்கியது. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது முகத்தில் வேறொரு கவலை வந்திருந்தது.

"சம்மந்தியம்மா, ஒரு விஷயம். ரிப்பேர் பொறுப்ப டிரஸ்ட் ஏத்துக்கணும்னா தலைவர் கையெழுத்து வேணும். எங்க அண்ணன் கலியமூர்த்திதான் தலைவர். கீழவீதியில இருக்காரு." தயங்கினார். "ஒளிக்காம சொல்லிடறேன். இந்தச் சம்மந்தத்துக்கே அவரு இன்னும் வாயத் திறந்து சரின்னு சொல்லல. இன்னிக்கே போயி கேக்கறேன்."

* * *

பன்னிரண்டு மணிக்குப் பாண்டிச்சேரியிலிருந்து சார்லஸ் வந்தான். தாடி, அரை டிரவுசர், பின்பக்கம் முழுக்கப் பலகைகள் அடுக்கிய வேன். இந்தக் கடற்கரையில் உடைகிற அலைச்சறுக்குப் பலகைகளுக்கெல்லாம் வைத்தியன் அவன்தான். தமிழினி முந்தாநாளே சொல்லி வைத்திருந்தாள்.

பலகையைப் பார்த்ததும் அவன் "ஐயோ" என்றான். அவ்வளவுதான். சின்னையனோடு சேர்ந்து போல்ட்டுகளைக் கழற்றினான். பலகையை மெத்தைத் துணியில் கிடத்தினான். தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"உள்ள இருக்கற நுரை கொஞ்சம் ஈரமாயிருக்கு. காய வைக்கணும். பெயிண்ட மெதுவா எடுக்கணும். அவசரப்பட்டா பழைய கலரும் சேந்து வந்துடும்" என்றான். "ஒன்றர மாசம் ஆவும். துளை இருந்த எடத்துல கண்ணு வச்சிப் பாத்தா தெரியும். அத மறைக்க முடியாது. ஆனா மெதக்கும்."

"ஓட்டலாமா?" என்றாள் தனக்கோடி.

"ஓட்டலாம்."

"மூக்குல ஒரு ஒட்டு இருந்துது தம்பி."

சார்லஸ் ஒரு சின்னத் துணியில் ஏதோ திரவத்தைத் தொட்டான். மூக்குப் பக்கம் தீப்பெட்டி அளவு இடத்தில் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். எல்லோரும் குனிந்தார்கள். நடனசபாபதிகூடக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

நீலம் கரைந்தது. முதலில் ஆரஞ்சு தெரிந்தது. துணி இன்னும் இரண்டு விரல் நகர்ந்து, ஒரு வெள்ளைப் பூச்சும் கரைந்தது. பழுப்பு. மேடும் பள்ளமுமாக, கோணல்மாணலாக, சுப்பராயலுவின் கை வேலை.

"இருக்குதுடி!" என்று தனக்கோடி கத்தியதில் சார்லஸின் கையிலிருந்து துணி கீழே விழுந்தது.

"தேய்ச்சி சமமாக்கச் சொன்னாங்க" என்றார் சின்னையன் பின்னாலிருந்து. "எனக்கு மனசு வரலீங்க. யாரோ ரொம்பக் கஷ்டத்துல உக்காந்து போட்ட ஒட்டு மாதிரி இருந்துது. அந்த எடத்துல மட்டும் உப்புத்தாள் வைக்காம, மேலயே பட்டி மாவு பூசி பெயிண்ட் அடிச்சிட்டேன்."

தனக்கோடி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதைப் பார்த்துத் தமிழினி சிரிக்க, இளவரசுவும் சிரிக்க, கடைசியில் நடனசபாபதிக்கும் தொற்றிக்கொண்டது. "அப்ப எம் பேச்ச கேக்காததுக்கும் சேத்து உனக்கு ஒரு நன்றி சொல்லணும்" என்று அவர் சின்னையனின் தோளில் தட்டினார்.

சாப்பாட்டுக்கு சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் வரவழைத்தார்கள். இலையை மடித்ததும் நடனசபாபதி அந்தப் பழைய அட்டையைக் கொண்டுவந்து தனக்கோடி முன்னால் திருப்பி வைத்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். பலக திரும்பி வரலன்னாலும் சரி. அதோட போட்டோ மாட்டி, கீழ இத வைப்பேன்."

தனக்கோடி கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"சர்ப் போர்டு. ஆஸ்திரேலியாவுல செஞ்சது. எண்பத்திரெண்டுல தேவனாம்பட்டினம் வந்துச்சு."

"ம்."

"ஓட்டுனது தனக்கோடி."

"ம்."

"ஒட்டுப் போட்டது சுப்பராயலு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? 'பயன்பாட்டில் இல்லை'ன்னு மட்டும் எழுதிடாதீங்க."

பலகையை வேனில் ஏற்றிக் கிளம்பும்போது தமிழினி இளவரசுவைத் தனியாகப் பார்த்தாள். "நீ பேசுவன்னு நெனைக்கவே இல்ல" என்றாள்.

"நானும்தான் நெனைக்கல." அவன் வேன் கதவைச் சாத்தினான். "எங்க பெரியப்பா கையெழுத்துப் போட மாட்டாருன்னா, நான் கோர்ட்டுல உங்க பக்கம் சாட்சி. எழுதி வச்சிக்க."

* * *

வேன் தேவனாம்பட்டினம் வந்தபோது மணி ஐந்தாகியிருந்தது. சுப்பராயலு கரையில் ஏற்றி வைத்த போட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். மதியத்திலிருந்து அங்கேயேதான் நிற்கிறார் என்று பக்கத்து போட்டுக்காரர் சொன்னார்.

தமிழினி நடந்தது முழுவதையும் சொன்னாள். கடிதம், சின்னையன், இளவரசு, கலியமூர்த்தி. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஒட்டு இருக்குதா?"

"இருக்குதுப்பா."

சுப்பராயலு வேனுக்குள் ஏறிப் பார்த்தார். வெகு நேரம் கழித்துத்தான் இறங்கினார். "கொஞ்சம் நல்லாவே போட்டிருக்கலாம் போல" என்றார்.

மாசி மாதக் கடல். அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு, அழகாக மடிந்து வந்தன. சார்லஸால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "பத்து நிமிஷம்க்கா. ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கெளம்பிடறேன்" என்று வேனிலிருந்து தன் நீளப் பலகை ஒன்றை இறக்கினான்.

தனக்கோடி அதைப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். சட்டென்று வீட்டுப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது தமிழினியின் டிராக் பேண்ட்டும் சுப்பராயலுவின் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தாள்.

"தம்பி, அத எங்கிட்ட குடு."

"ஏய் தனம், இன்னா வெளயாட்டு இது?" என்று சுப்பராயலு பதறினார்.

"வெளயாட்டுதான்."

அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தானும் இடுப்பளவு தண்ணீர் வரை கூடவே போனார்.

முழங்கால் தாண்டியதும் தனக்கோடி நின்றாள். இருபது வருஷமாக நின்ற அதே இடம். ஓர் அலை வந்து தொடையில் மோதி, சட்டையை நனைத்துப் போனது. தனக்கோடி சிலிர்த்துக்கொண்டு, பலகையின்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவ ஆரம்பித்தாள்.

முதல் அலை அவளைக் கவிழ்த்துப் போட்டது. எழுந்தாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி படுத்தாள். இரண்டாவது அலை கையில் சிக்காமல் அடியில் ஓடியது. மூன்றாவது அலையில் பலகை வழுக்கிக்கொண்டு கிளம்பியது. கரையில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரர், சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பொம்பளை ஒருத்தி, முழுக்கைச் சட்டையில், பலகையின்மேல் முட்டி போட்டு நிமிர்ந்து, "ஓஓஓய்!" என்று கூவிக்கொண்டு கரைக்கு வந்துகொண்டிருந்தாள்.

சுப்பராயலு தண்ணீரிலேயே நின்று கைதட்டினார். தமிழினி போனில் படம் எடுக்கவும் மறந்து மணலில் ஓடினாள்.

"எந்திரிச்சி நிக்கணும்" என்றாள் தனக்கோடி மூச்சு வாங்க. "இப்ப முட்டிதான் போட்டேன். அடுத்ததுல நிக்கறேன் பாரு."

அவள் பலகையைத் திருப்பிய நேரத்தில், சாலையோரம் ஒரு கார் வந்து நின்றது. முதலில் நடனசபாபதி இறங்கினார். கையில் மடித்த காகிதம். பின்கதவு திறந்தது. தடியை ஊன்றிக்கொண்டு, சந்தனப்பொட்டு வைத்த ஒரு பெரியவர் மெதுவாக இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார்.

"அம்மா!" தமிழினியின் குரல் கீச்சிட்டது. "கலியமூர்த்தி பெரிய மாமா! அவரே வந்திருக்காரு!"

பெரியவரின் முகத்தில் இருப்பது சிரிப்பா கோபமா என்று அந்தத் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியவில்லை. நடனசபாபதி காகிதத்தை உயர்த்திக் காட்டி ஏதோ சொன்னார். காற்றில் அதுவும் கேட்கவில்லை.

தனக்கோடி ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்தாள். நனைந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள்.

பின்னால் நல்ல உயரமாக ஓர் அலை எழும்பிக்கொண்டிருந்தது.

"வந்தவங்களுக்கு டீ போடச் சொல்லுடி. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பலகையில் படுத்து அலையை நோக்கித் துழாவினாள்.